ஆரம்பப் பள்ளிக்கு ஆலோசகராகப் போகிறீர்களா? முதல் வருடத்துக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்பவரிடம் 'கவுன்சிலர்' என்று சொல்லிப் பாருங்கள். "எந்த வார்டு?" என்பார். 'கவுன்சிலிங்' என்று மாற்றிச் சொன்னால், அண்ணன் மகனின் கட் ஆஃப் மதிப்பெண்ணைச் சொல்லி எந்த இன்ஜினியரிங் கல்லூரி கிடைக்கும் என்று கேட்பார். நான் சேர்ந்த புதிதில் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் தெருவிளக்கு எரியாததைப் பற்றி என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

பெயரில் இருக்கும் குழப்பம் வேலையிலும் இருக்கும். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள இடத்தில் ஆலோசகர் என்ன செய்வார் என்பது, உங்களை வேலைக்கு எடுத்தவருக்கே பல சமயம் தெளிவாகத் தெரியாது. தமிழ்நாட்டில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியிலோ பெரிய பள்ளியின் ஆரம்பப் பிரிவிலோ புதிதாகச் சேர்கிறவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உளவியலோ சமூகப் பணியோ படித்திருப்பீர்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சேர்ந்த பிறகு எனக்குப் பிடிபட்டதை மட்டும் சொல்கிறேன்.

அதில் முதலாவது இது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தானாக வந்து கதவைத் தட்டும். ஆறு வயதுக் குழந்தை தட்டாது. தனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. யாரோ ஒரு பெரியவர் பார்த்து அனுப்பிவைக்கிறார். ஆக, உங்கள் எதிரில் குழந்தை உட்கார்ந்திருந்தாலும் வேலையில் பாதி அனுப்பியவரோடுதான்.

சேரும்போதே ஒரு தாள்

முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து, உங்கள் வேலை எது, எது இல்லை என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. இந்தத் தாள் இல்லாவிட்டால், ஆடி மாதம் முடிவதற்குள் நீங்கள் லீவு போட்ட ஆசிரியருக்குப் பதில் வகுப்பு எடுப்பவராகவும், ஆண்டு விழாவுக்கு நடனம் சொல்லித் தருபவராகவும் ஆகியிருப்பீர்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒரு ஆலோசகர் வேண்டும் என்றும், அவர் நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர் நலன் சார்ந்த நேரடி, மறைமுக வேலைக்கே போகவேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் 1,200 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதும் நடக்கிறது. அதனால்தான் மிச்சமிருக்கும் நேரத்தைக் காப்பாற்றுவது முக்கியம்.

அந்தத் தாளில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று: தண்டனைக்காக எந்தக் குழந்தையையும் என் அறைக்கு அனுப்பக்கூடாது. "பேசினா கவுன்சிலிங் மிஸ்கிட்ட அனுப்பிடுவேன்" என்று ஒரு ஆசிரியர் ஒரு தடவை மிரட்டினால் போதும், அந்த வகுப்பே உங்களைக் கண்டு ஒளியும். இரண்டு: என் அறையில் எந்த மொழியிலும் பேசலாம். தமிழில் பேசினால் அபராதம் போடும் ஆங்கில வழிப் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு அழுகை வீட்டு மொழியில்தான் வரும். திருப்பூர், சென்னை போன்ற ஊர்களில் அந்த வீட்டு மொழி இந்தியாகவோ ஒடியாவாகவோ இருக்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்த ஆயாவோ ஆசிரியரோ யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அறை

தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்த வராந்தாவில் நடந்தாலே பிள்ளைகளுக்கு வயிறு கலக்கும். நூலகத்தின் ஓரமோ விளையாட்டு மைதானத்தைப் பார்த்த அறையோ நல்லது. கதவில் கண்ணாடி இருக்கவேண்டும்: வெளியிலிருந்து பார்த்தால் தெரியணும், கேட்கக் கூடாது. உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் போடாதீர்கள். குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

பொருட்களுக்குப் பெரிய செலவில்லை. ஒரு பாய், களிமண், மெழுகுக் கலர், நாலைந்து கைப்பொம்மைகள், பல்லாங்குழி. பல்லாங்குழியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சோழியை எண்ணிப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசும்போது வெளிவருகிற விஷயம் நேருக்கு நேர் நாற்காலியில் வராது.

முதல் மாதம்: பார்ப்பது மட்டும்

முதல் மாதம் யாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் இருக்க முடிந்தால் இருங்கள். வாசல் கேட்டில் நில்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு உட்காருங்கள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடுவது யார், விளையாட்டில் எப்போதும் நடுவராக மட்டும் இருப்பது யார், பீரியடுக்கு இரண்டு தடவை பாத்ரூம் கேட்பது யார், திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது யாருக்கு, சாயங்காலம் கூட்டிப்போக வருபவரைப் பார்த்ததும் யாருடைய நடை மாறுகிறது. ஒரு சின்ன நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுவலியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. "வயிறு வலிக்குது", "ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சு படபடங்குது" என்பார்கள். அது நடிப்பு இல்லை, வலி நிஜமாகவே இருக்கும். மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும், எந்தக் கிழமை, எந்தப் பாடத்துக்கு முன்னால் என்று பார்க்கவேண்டியது உங்கள் வேலை.

இந்த ஒரு மாதத்தில் வாட்ச்மேன், ஆயா, வேன் ஓட்டுநர் மூவரையும் சிநேகம் பிடித்துவிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன என்பது வகுப்பாசிரியருக்கு முன்னால் இவர்களுக்குத் தெரியும். (தெருவிளக்குக் கேட்டவர்தான் பிற்பாடு எனக்கு மிகவும் உதவியவர்.)

அனுப்பும் சீட்டு

ஆசிரியர்கள் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதை நிறுத்தி, அரைப்பக்கச் சீட்டு ஒன்று அச்சடித்துக் கொடுங்கள். நாலே கேள்விகள்: என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நடந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள், வாரத்தில் எத்தனை தடவை நடக்கிறது. 'அடங்காத பையன்', 'சோம்பேறி', 'வீட்டில் செல்லம்' என்றெல்லாம் எழுதினால் அன்போடு திருப்பிக் கொடுங்கள். 'மூன்றாவது பீரியடில் நாலு தடவை எழுந்து நடந்தான்' என்பது உங்களுக்குப் பயன்படும் வாக்கியம். முதலில் முணுமுணுப்பார்கள். நாற்பது நோட்டுத் திருத்துகிறவருக்கு இது கூடுதல் வேலைதானே. ஆனால் இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதும்போதே, 'கணக்குப் பாடத்தில் மட்டும்தான் இப்படிச் செய்கிறான்' என்று அவருக்கே சில சமயம் புரிந்துவிடும்.

மனசுக்கு முன்னால் உடம்பு

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியைப் பற்றி எனக்கு வந்த சீட்டில் ஒரே வரி: 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.' மூன்று வாரம் நான் பொம்மையும் படமுமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அறையில் சமர்த்தாக இருப்பாள். வகுப்பில் மறுபடி அதே புகார். ஒரு நாள் அவள் முதுகுப்பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் குறைந்திருந்தது. சொன்ன பேச்சு அவளுக்குக் கேட்கவே இல்லை! ஆசிரியர் சத்தியத்தைத்தான் எழுதியிருந்தார், நான்தான் வேறு அர்த்தத்தில் படித்துவிட்டேன். அந்த மூன்று வாரம் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதிலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் முதலில் ஐந்தைக் கேட்கிறேன்: கண் பார்த்தாயிற்றா, காது பார்த்தாயிற்றா, இரவு எத்தனை மணிக்குத் தூக்கம், காலையில் என்ன சாப்பாடு, தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறதா. வசதியில்லாத குடும்பமாக இருந்தால் டி.இ.ஐ.சி. என்று அழைக்கப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்பட்டது அது.

தனியாகப் பேசும்போது

சின்ன வகுப்புக்குப் பதினைந்து நிமிடம், நாலாவது ஐந்தாவதுக்கு இருபத்தைந்து. அதற்கு மேல் இழுத்தால் நெளிய ஆரம்பித்துவிடும். குழந்தைக்குப் பிடித்த பீரியடில் கூப்பிடாதீர்கள். பி.டி. வகுப்பு போய்விட்டால் அன்றைக்கு வாயே திறக்காது.

தரையில் உட்காருங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள். 'ஏன் அடிச்சே?' என்று ஏற்கனவே நாலு பேர் கேட்டிருப்பார்கள், அந்தக் கேள்விக்கு 'சாரி மிஸ்' என்பதுதான் பதில் என்று பிள்ளைக்குப் பழகியிருக்கும். "அப்ப என்ன ஆச்சு? அப்புறம்?" என்று கதை கேட்கிற மாதிரி கேளுங்கள். வீட்டை வரையச் சொல்லி, யார் எங்கே தூங்குவார்கள் என்று கேட்டால் குடும்பமே புரியும். படத்தை வைத்து ஜோசியம் மட்டும் பார்க்காதீர்கள். கறுப்புக் கலரில் வரைந்தது சோகம் என்று பயிற்சி வகுப்பில் யாரோ சொல்லியிருப்பார்கள். பெட்டியில் மிச்சமிருந்தது அந்தக் கலர் மட்டும்தான் என்பதும் நடக்கும்.

இரகசியம் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள். "நீ சொல்றதை நான் மத்தவங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா உன்னை யாராவது காயப்படுத்தினா, நீ ஆபத்துல இருந்தா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்." 'யாரிடமும் சொல்லமாட்டேன், சத்தியம்' என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். பின்னால் அதை மீறவேண்டி வரும், அந்தக் குழந்தை அதற்குப் பிறகு யாரையும் நம்பாது.

வகுப்பறைப் பாடம்

ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு பீரியட் கேட்டு வாங்குங்கள். தனி அறையில் வருடத்துக்கு ஐம்பது, அறுபது பிள்ளைகளைத்தான் பார்க்க முடியும். வகுப்பில் எல்லாரையும் பார்க்கலாம். கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன சொல்வது, பட்டப்பேர் வைப்பது எப்போது கேலி, எப்போது கொடுமை என்று போகலாம்.

உடல் பாதுகாப்புப் பாடத்தை மட்டும் கவனமாகத் தயார் செய்யுங்கள். 'குட் டச், பேட் டச்' என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உவப்பாக இல்லை. ஊசி போடுவது வலிக்கும், ஆனால் கெடுதல் இல்லை. தவறான நோக்கத்தோடு தொடுகிறவர் சாக்லேட் கொடுத்துக் கொஞ்சுவார், அது 'கெட்ட' தொடுதலாகத் தெரியாது. 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல்' என்று பிரித்தால் பிள்ளைகளுக்குச் சரியாகப் புரிகிறது. உடல் உறுப்புகளை அவற்றின் பெயரால் சொல்லிக்கொடுங்கள். வேண்டாம் என்று சொல், விலகிப் போ, பெரியவரிடம் சொல். இந்த மூன்றோடு நாலாவதும் சேர்க்கவேண்டும்: அவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல், யாராவது நம்பும் வரை சொல். பாடத்துக்கு முந்தைய வாரம் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் வாசலில் கூட்டம் நிற்கும்.

இந்தப் பாடம் முடிந்த சில நாட்களுக்குள் ஏதாவது ஒரு குழந்தை வந்து உங்களிடம் ஒன்றைச் சொல்லக்கூடும். அதற்கு நீங்கள் தயாராக இருக்கவேண்டும்.

ஒரு குழந்தை சொல்லிவிட்டால்

முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை." இந்த இரண்டு வாக்கியம் போதும். துருவிக் கேட்பது உங்கள் வேலை இல்லை, 'இப்படித் தொட்டாரா?' என்று நீங்களே சொல் எடுத்துக் கொடுத்தால் பின்னால் வழக்கே பலவீனப்படும். குழந்தை போனதும் அது சொன்ன அதே சொற்களில், தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். குழந்தை கொச்சையாகச் சொல்லியிருந்தால் கொச்சையாகவே எழுதுங்கள்.

பிறகு புகார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் யாராக இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். 'தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது' என்று இருந்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்றும் அதே 19-ஆவது பிரிவு சொல்கிறது. வழி தெரியாமல் தடுமாறினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

'பள்ளி பேர் கெட்டுப்போகும், நாமே விசாரித்து அனுப்பிவிடலாம்' என்று யாராவது ஒருவர் சொல்வார், அநேகமாக மிகவும் மரியாதைக்குரியவராக இருப்பார். அதற்கு இணங்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு நேரில் விசாரிக்கும் கூத்தும் வேண்டாம். பெற்றோர் பயப்படுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தைக்கு விருப்பமான இடத்திலோ வாங்கவேண்டும், கூடியவரை பெண் அதிகாரி வாங்கவேண்டும், சீருடையில் வரக்கூடாது என்று 24-ஆவது பிரிவு இருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். பாதிப் பயம் அதிலேயே தணியும்.

பெற்றோரோடு உட்காருவது

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே பெற்றோர் பயந்துகொண்டுதான் வருவார்கள். வந்ததும் குழந்தை செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி ஆரம்பியுங்கள். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடுபடாது. "நேற்று கீழே விழுந்த பையனைத் தூக்கிவிட்டான்" என்கிற மாதிரி, கண்ணால் பார்த்த விஷயமாக இருக்கட்டும். முதல் மாதத்து நோட்டு இப்போது கைகொடுக்கும்.

சில அப்பாக்கள் "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மிஸ், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது என்று சொல்லலாம். அதைவிட, "அடிச்சப்போ எத்தனை நாளுக்கு மாறினான்?" என்று கேட்டுப் பாருங்கள். அவரே யோசிப்பார். பாட்டி வந்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் முடிவு எடுப்பது அவர்தான்.

நோயின் பெயர் எதையும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல், அதீதத் துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) என்றெல்லாம் கண்டறிந்து சொல்லும் தகுதி மருத்துவருக்கும், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளருக்கும்தான். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: "கரும்பலகையிலிருந்து ஒரு வரி எழுத மத்தவங்களைவிட ரொம்ப நேரம் எடுக்குது, ஒரு தடவை காட்டிடலாம்." தமிழில் கற்றல் குறைபாட்டைக் கவனிக்கும்போது ல, ள, ழ குழப்பத்தைப் பெரிதாக எடுக்கவேண்டாம், பத்திரிகை அலுவலகங்களிலேயே அந்தக் குழப்பம் உண்டு. மூன்றாம் வகுப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறுவது, தெரிந்த சொல்லையே எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பது, வாயால் நன்றாகச் சொல்லும் பதிலை எழுத முடியாமல் தவிப்பது, இவைதான் குறித்துவைக்க வேண்டியவை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும் என்பதைப் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. பெற்றோரில் ஒருவரே மனம் தளர்ந்து போயிருந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-ஐ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், தமிழில் பேசலாம்.

குறிப்பேடும் வாட்ஸ்அப்பும்

குறிப்புகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள், உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் பெயரே வரக்கூடாது. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது "அந்தப் பையன் வீட்ல என்னதான் பிரச்சினை?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். "வகுப்பில் அவனை முன் பெஞ்சில் உட்காரவைத்தால் உதவியாக இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். ஆசிரியருக்குத் தேவை வகுப்பில் என்ன செய்யலாம் என்பது. அப்பாவின் குடிப்பழக்கம் அவருக்குத் தேவையில்லை.

ஏப்ரல்

வருடக் கடைசியில் எல்லாரும் தேர்வு, ரிப்போர்ட் கார்டு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த வாரத்தில் நீங்கள் இரண்டு பட்டியல் எழுதவேண்டும். முதலாவது, அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு. புது ஆசிரியருக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று வரி: எது உதவியது, எது உதவவில்லை, பயந்தால் என்ன செய்வான். இரண்டாவது, ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்களுக்கு. பெற்றோரைக் கூப்பிட்டு, புதுப் பள்ளியில் யாரிடம் என்ன சொல்லவேண்டும் என்று பேசி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் ஒரு கடிதம் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அறையில் இருக்கும் களிமண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும், ஈரத்துணி சுற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போங்கள்.